லாரிக்காரரிடம் கொடுப்பதற்கு முன்: தோட்டத்து வீட்டுப் பழைய தட்டுகளையும் டேப்புகளையும் என்ன செய்வது

போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் எல்லாரும் கோலாலம்பூரில், வாசலில் சூராட் காபார் லாமா லாரி, அதாவது பழைய பேப்பர் லாரி, எஞ்சினைக்கூட நிறுத்தாமல் நிற்கிறது. பேரன் போன் அடித்தான். "அங்கிள், ஒரு பெட்டி நிறைய கறுப்புத் தட்டு இருக்கு, பிஸ்கட் டின்ல கேசட் இருக்கு, லாரிக்காரர் எல்லாத்துக்கும் சேர்த்துப் பத்து ரிங்கிட் தர்றேங்கிறார், கொடுத்துடலாமா?" கொடுக்காதே, கழுவாதே, முக்கியமாக எதையும் ஓட்டிப் பார்க்காதே, இதோ வருகிறேன் என்றேன். அன்று அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

கழுவாதே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்கு இருபது வயதிருக்கும்போது அப்பா ரப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கொண்டுவந்த ஒரு ரிக்கார்டைப் பளபளவென்று ஆக்கலாமே என்று மருந்துப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்குதான் வருகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வந்தது. ஆகவே முதலில் கையிலிருப்பது எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

தட்டு எதனால் ஆனது

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. பாண்டவர்களைக் கொளுத்துவதற்குத் துரியோதனன் கட்டிய மாளிகையில் இருந்ததும், பத்திரத்தில் உருக்கி முத்திரை குத்துவதும் இதே அரக்குதான். புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரந்து வைக்கிற பிசின் அது. எமில் பெர்லினர் தன்னுடைய தட்டுகளை முதலில் கெட்டி ரப்பரில் செய்து பார்த்தார், சரிவரவில்லை, 1890-களின் நடுவில் அரக்குக்கு மாறினார், அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு அரக்குதான் ராஜா. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நம்பி வாழ்ந்த நமக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், என்ன செய்வது.

ஆனால் தட்டு முழுக்க அரக்கு என்று நினைக்க வேண்டாம். அரக்கு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி சிலேட்டுக்கல், சுண்ணாம்புக்கல் போன்றவற்றின் தூள், கறுப்பு நிறத்துக்குக் கரி, உடையாமல் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு நார். கல்தூளுக்கு ஒரு வேலை உண்டு. கிராமபோன் பெட்டியின் ஊசி நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு தட்டின் மேல் உட்காரும், அந்த ஊசியைத் தட்டே தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு புது ஊசி போடச் சொல்வார்கள். பழைய பாட்டின் பின்னால் எண்ணெய்ச்சட்டி காய்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அதில் பெரும்பகுதி இந்தக் கல்தூளின் சத்தம்.

வினைல் என்கிற நெகிழி பிறகு வந்தது. 1948-இல் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் 33⅓ சுற்று எல்பித் தட்டை வெளியிட்டது, அடுத்த வருடம் ஆர்சிஏ 45 சுற்றுச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. ஆனால் இந்தியா அரக்கை உடனே கைவிடவில்லை. பீட்டில்ஸ் பாட்டுகளே அங்கே 78-ஆக வெளிவந்திருக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூருக்கு வந்த தமிழ்த் தட்டுகளில் நிறைய கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்தவை, ஆகவே தட்டு கனமாக இருக்கிறது என்பதற்காக "இது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியது" என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால் அப்படியே நம்பிவிடாதீர்கள், 1960-களில் வந்ததாகவும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். பத்து அங்குல அரக்குத் தட்டு அதன் அளவுக்குக் கனமானது, விறைப்பானது, விரல் நகத்தால் ஓரத்தில் மெதுவாகச் சுண்டினால் பீங்கான் தட்டு மாதிரி 'டங்' என்று கேட்கும். வினைலைச் சுண்டினால் மொத்தையான சத்தம்தான் வரும். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, மூன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் அநேகமாக அரக்கு (45 சுற்றுச் சின்னத் தட்டிலும் ஒரு பாட்டு இருக்கும், அது ஏழு அங்குலம்தான்). லேபிளில் சுற்று எண் போட்டிருந்தால் குழப்பமே இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வளைகிறதா என்று வளைத்துப் பார்ப்பது. வினைல் வளையும், அரக்கு உடையும், பதில் தெரியும்போது தட்டு இரண்டாகியிருக்கும்.

மூன்றாவது ஒரு வகை உண்டு, அபூர்வம், ஆனால் கிடைத்தால் அதுதான் தங்கம். பார்க்கக் கறுப்புத் தட்டுதான், லேபிளில் அச்சுக்குப் பதில் கையெழுத்தோ டைப் அடித்ததோ இருக்கும், நடு ஓட்டையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் அலுமினியம் மின்னும். அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசி, வானொலி நிலையத்திலும் ஸ்டுடியோவிலும் நேரடியாகப் பள்ளம் வெட்டி ஒலி பிடித்த தட்டு அது. உலகத்தில் அந்த ஒன்றுதான் இருக்கும். மேலே வெள்ளையாக எண்ணெய்ப் பசை பூத்திருந்தால் உள்ளேயிருக்கிற விளக்கெண்ணெய்ச் சத்து வெளியே கசிகிறது என்று அர்த்தம், பூச்சு சுருங்கி மீன் செதில் மாதிரி உரிந்து வரப்போகிறது. கழுவ வேண்டாம், ஓட்ட வேண்டாம், உறையில் போட்டு நிமிர்த்தி வைத்துவிட்டு இதைச் செய்யத் தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள். கோலாலம்பூரில் அர்கிப் நெகாரா என்கிற தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, முதலில் அங்கே கேட்கலாம்.

கழுவுவது

காய்ச்சி வடித்த நீர் வேண்டும், ஃபார்மசியில் கிடைக்கும், கார் சாமான் கடையிலும் 'பேட்டரி தண்ணீர்' என்று விற்பார்கள். அங்கே பேட்டரி ஆசிட் பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், அதற்கு மேல் வேண்டாம். மிருதுவான பிரஷால் பள்ளம் ஓடுகிற வழியிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே தேய்க்கக் கூடாது, நடு லேபிள் நனையக் கூடாது. வெறும் நீரால் அலசி உடனே பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். அரக்குத் தட்டை ஊறப்போடக் கூடாது, உள்ளேயிருக்கும் நாரும் தூளும் நீரைக் குடித்துவிடும். விரிசல் விட்டதை நனைக்கவே வேண்டாம். அரக்குக்கு ஸ்பிரிட் கூடாது என்பதைத் திரும்பச் சொல்கிறேன், ஒரு தட்டைக் கொன்றவன் சொல்கிறேன்.

வெயிலில் காயவைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். ஈப்போ சந்தையில் வாங்கிய நாலு எல்பியைப் பின் சீட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தபோது அப்பளம்.

எதில் ஓட்டுவது

தாத்தாவின் சாவி கொடுக்கிற பெட்டி நல்ல நிலையில் இருந்தால் அரக்குத் தட்டை அதில் ஓட்டலாம், பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி. அதில் வினைலை வைத்தீர்களானால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் உழுதுபோகும். ஆனால் அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் அரக்கையும் கொஞ்சம் தின்னும், ஆசைக்கு ஒரு தடவை போதும். ஒலியைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் மின்சார டர்ன்டேபிள், அதில் 78-க்கு உரிய தனி ஊசி. 78-இன் பள்ளம் எல்பியின் பள்ளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். 78-க்கான ஊசிமுனை சுமார் மூன்று மில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு, எல்பி ஊசி ஒரு மில்லுக்குள். எல்பி ஊசியை 78-இல் போட்டால் அது பள்ளத்தின் அடியில் அழுக்கைக் கிளறிக்கொண்டு ஓடும், உங்களுக்குக் கேட்பது பாட்டைவிடக் குப்பைதான் அதிகம்.

டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லையா? ஊசி சரியாக இருந்தால் 45-இல் ஓட்டிப் பதிவு செய்துவிட்டுக் கணினியில் ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் வேகத்தை 78-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

டேப்தான் முதலில்

தட்டைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் பெட்டியும் டின்னும் ஒன்றாகக் கிடைத்தால் நான் முதலில் கை வைப்பது டின்னில். சினிமாப் பாட்டுத் தட்டு ஆயிரக்கணக்கில் அடித்தது, உங்களுடையது உடைந்தாலும் சென்னையிலோ பினாங்கிலோ இன்னொருவரிடம் இருக்கும். தோட்டத்துத் திருவிழாவில் யாரோ மைக் பக்கத்தில் வைத்துப் பிடித்த உடுக்கைப் பாட்டு, தீபாவளி நாடகம், பாட்டியின் தாலாட்டு, இவற்றுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. 1969-க்கு அப்புறம் வேலை பெர்மிட் சட்டத்தால் சிவப்பு ஐசிக்காரர்கள், அதாவது குடியுரிமை கிடைக்காதவர்கள், ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள் அல்லவா, எங்கள் பெரியம்மா குடும்பமும் அதில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்? கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் அழுகை, நடுவில் 60 நிமிட டேப்.

டேப் என்பது நெகிழித் தாளின் மேல் இரும்புத் துருப்பொடியைப் பசையால் ஒட்டியது, அவ்வளவுதான். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளூமர் 1928-இல் காகிதத்தின் மேல் ஒட்டிப் பார்த்தார், 1935-இல் பெர்லின் கண்காட்சியில் மேக்னடோஃபோன் என்ற கருவி வந்தது, 1963-இல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. தாள், பொடி, பசை, இந்த மூன்றில் எது கெட்டுப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

ஸ்பூல் டேப் (கூடு இல்லாமல் சக்கரத்தில் சுற்றியது) கிடைத்தால் முதலில் மோந்து பாருங்கள். வினிகர் நாற்றம் வந்தால் அது பழைய அசிட்டேட் தாள், சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அமிலம் விடுகிறது, ஒருமுறை ஆரம்பித்தால் நிற்காது, பக்கத்திலிருக்கும் டேப்பையும் கெடுக்கும், உடனே பிரித்து வையுங்கள், அதைத்தான் முதலில் பிரதி எடுக்க வேண்டும். நாற்றம் இல்லையென்றால் ஸ்பூலை விளக்குக்கு நேரே பிடியுங்கள். சுற்றின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியஸ்டர். அசிட்டேட் அறுந்தால் சுத்தமாக அறும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் அறாது, ரப்பர் மாதிரி இழுபட்டுப்போகும், இழுபட்ட இடத்தில் பாட்டு போனது போனதுதான்.

1970-களின் நடுவிலிருந்து வந்த சில பாலியஸ்டர் ஸ்பூல்களில் இன்னொரு தொல்லை. பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும், ஓட்டினால் கீச்சென்று கத்தி, டேப்பைப் படிக்கிற ஹெட்டில் கறுப்பாக அப்பிக்கொண்டு நின்றுவிடும். ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, பல மணி நேரம், ஒரே சீராகச் சூடு காட்டினால் தற்காலிகமாகச் சரியாகும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். இதை வீட்டு ஓவன் அடுப்பில் முயற்சி செய்யாதீர்கள், அதன் முள் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. அசிட்டேட் டேப்பைச் சூடாக்கவே கூடாது.

கேசட்டுக்கு வருவோம், நம் வீடுகளில் அதுதான் அதிகம். முதல் வேலை: முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்ன நெகிழி நாக்குகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் எந்த டெக்கும் (கேசட் ஓட்டும் கருவியும்) அதன் மேல் பதிவு செய்யாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பிளேயை அமுக்குவதாக நினைத்து ரிக்கார்டையும் சேர்த்து அமுக்கி, அவருடைய தாத்தாவின் குரல் இருந்த இடத்தில் இப்போது அவருடைய மின்விசிறி ஓடுகிற சத்தம் இருக்கிறது.

அப்புறம் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா? நம்மூர் ஈரத்துக்கு அது சகஜம். அதை டெக்கில் போட்டால் பூஞ்சை டெக்குக்குப் போய், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லத் தட்டித் துடையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத்தூள் உள்ளே போகும். பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுழன்றால் நல்லது. கீழே நடுவில் ஒரு செம்புத் தகட்டின் மேல் குட்டிக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், அது விழுந்துபோயிருந்தால் சத்தம் அடைத்த மூக்கோடு பேசுகிற மாதிரி வரும். டேப் கெட்டுவிட்டது என்று பலரும் வீசிவிடுகிற கேசட்டுகளில் பாதிக்கு இதுதான் வியாதி என்பது என் அனுபவம். ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறு கேசட் ஒன்றைக் கழற்றி, டேப்பை அந்தக் கூட்டுக்குள் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

120 நிமிடக் கேசட் என்றால் ஜாக்கிரதை. 60 நிமிட டேப்பின் தடிமன் சுமார் 18 மைக்ரான், 120-இல் அது பாதி. வேகமாகச் சுற்றாதீர்கள், பிளேயிலேயே ஓடவிட்டு அந்த முதல் ஓட்டத்திலேயே பதிவும் செய்துவிடுங்கள்.

டெக்கை முதலில் ஒன்றுக்கும் உதவாத ஒரு கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். நம்மூர்ச் சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும், மாற்றிக்கொள்ள வேண்டும். ஹெட்டைத் துடைக்கும்போது ஸ்பிரிட் போடலாம், இங்கே அது நல்ல பிள்ளை, ஐசோப்ரோப்பைல் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் வாங்குங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்பு நீர்.

பதிவு

டெக்கின் பின்னாலிருக்கும் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி ஆடியோப் பெட்டி வழியாகக் கணினிக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிபி பிடிக்கும், பிடித்துவிட்டுப் போகட்டும். சத்தத்தின் உச்சம் சிவப்பைத் தொடாமல் மைனஸ் ஆறு டெசிபெல் பக்கம் நிற்கட்டும். குரல் மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, 'ச' எழுத்து தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இரைச்சலை நீக்குகிற வேலையை மூலக்கோப்பில் செய்யாதீர்கள், பிரதி எடுத்து அதில் விளையாடுங்கள். நடுவில் வெட்டவும் வேண்டாம். பேசாமல் இருக்கிற இடத்தில்தான் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணியும், லயத்து நாயும், யாரோ ஒரு கிழவி கோழியைத் திட்டுவதும் இருக்கிறது. முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள், மூன்றாவது பிரதி இணையத்தில் இருக்கட்டும்.

எங்கே தேடுவது, எப்படி வைப்பது

சொந்த வீடு முடிந்ததும் பழைய மைக் செட்காரரைப் பாருங்கள். கல்யாணம், திருவிழா, கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் போயிருப்பார், அவர் ஸ்டோரில் இல்லாதது கிடையாது. எங்கள் ஊர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், இங்கே கூட்டத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை, அதை யாரோ டேப்பில் பிடிக்காமலா இருந்திருப்பார்கள்? தோட்டக் கோவில் சாமான் அறை, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீடு, மூடிப்போன ஒலிநாடாக் கடை, இப்படிப் போகலாம். வெளியே வாங்குவதென்றால் ஈப்போ ஞாயிறு பழஞ்சந்தை, பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை. விலை கேட்பதற்கு முன்னால் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் இரும்பு ஊசி தின்று முடித்துவிட்டது.

வைப்பது எப்போதும் நிமிர்த்தி, புத்தகம் மாதிரி. படுக்கவைத்து அடுக்கினால் அடியிலிருப்பது கனம் தாங்காமல் விரிசல் விடும். தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், தரையிலும் வேண்டாம், ஒன்றில் சூடு, மற்றதில் வெள்ளமும் கரையானும். டேப்புகளை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது.

கடைசி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவை மடிக்கணினியில் போட்டு, அந்தத் தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். யார் பேசுகிறார், எந்தத் திருவிழா, எத்தனாவது லயம் என்று அவர் சொல்லச் சொல்ல நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பிஸ்கட் டின்னிலிருந்த மூன்றாவது கேசட்டில் ஆரம்பம் முதல் ஒரு ஆள் இருமிக்கொண்டே இருந்தார், பேரனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு ஆச்சி, எண்பத்துநாலு வயது, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டார்.

"இது ரப்பர் பால் நிறுக்கிற கிராணிடா. எங்க வீட்டுக்காரர்கூட சண்டை போட்டவன். இன்னும் கொஞ்சம் ஓடவிடு, இவரும் வருவாரு."

ஓடவிட்டோம். பதினேழாவது நிமிடத்தில் வந்தார்.